ஒரே பாய்மரப் படகு, ஆறு வெளிச்சங்கள்: யோஷிதாவின் அச்சில் எது அசல்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். தாத்தா வீட்டைக் காலிசெய்தபோது சட்டம் போட்ட ஒரு ஜப்பானியப் படம் கிடைத்திருக்கிறது. அசையாத கடலில் பாய் விரித்த படகு, பின்னால் மங்கலாக வேறு படகுகள், எல்லாமே சாம்பல் பூத்த நிறம். கீழ் ஓரத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் ஹிரோஷி யோஷிதா என்று கையெழுத்து. இணையத்தில் தேடிப் பார்த்தால் அதே படகு, அதே பாய். ஆனால் ஒன்றில் வானமும் நீரும் ஆரஞ்சாக இருக்கின்றன, இன்னொன்றில் கருநீலமாக இருக்கின்றன. "இதில் எது அசல்? என்னுடையது வெயிலில் வெளுத்துப்போன நகலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. எங்கோ ஒரு மூல ஓவியம் இருந்து, அதிலிருந்து மற்றவற்றை நகலெடுத்தார்களா என்பது ஒன்று. உங்கள் படத்தின் சாம்பல் நிறம் ஓவியர் கொடுத்ததா, காலம் கொடுத்ததா என்பது அடுத்தது. நீங்கள் வெளிப்படையாகக் கேட்காவிட்டாலும், அது எப்போது, யார் கையால் அச்சாகியிருக்கும் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். நான் அச்சோவியம் படித்தவன். பல ஆண்டுகளாகக் காகிதத்தில் உள்ள படங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். ஏல விலை மதிப்பிடுவது என் தொழில் அல்ல, அதனால் விலையைப் பற்றிப் பேசப்போவதில்லை. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதை நீங்களே வீட்டில் பெருமளவு சோதித்துக்கொள்ளலாம். மூன்றாவதற்குப் படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் உறுதியானது. யோஷிதா ஹிரோஷி 1926-ல் 'செத்தோ உள்கடல்' என்ற வரிசையில் வெளியிட்ட 'பாய்மரப் படகுகள்' அது. காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஒரே காட்சியை ஆறு பொழுதுகளாக அவரே திட்டமிட்டு அச்சிட்டார். ஆறும் அவர் கையொப்பத்தோடு வந்தவை, ஆறும் சம உரிமை உள்ளவை. இணையத்தில் ஆரஞ்சு நிறக் காலைப் படம் அதிகம் தென்படுவதற்குக் காரணம், கண்ணைச் சட்டென்று இழுக்கும் படம் அதுதான் என்பதே. அது மூத்தது என்றோ மற்றவை அதன் பிள்ளைகள் என்றோ பொருளில்லை. உங்களிடம் இருப்பது 'மூடுபனி'யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நமக்குக் குழப்பம் வருவது ஏனென்றால், ஓவியம் என்றதும் தூரிகையால் ஒருமுறை தீட்டி முடித்த ஒரே ஒரு பொருளைத்தான் நினைக்கிறோம். அச்சோவியத்தில் அப்படி ஒரு பொருள் கிடையாது. ஓவியர் நேரில் போய்ப் போட்ட கோட்டோவியங்களும் நீர்வண்ணப் படங்களும் இருக்கலாம். அவை தயாரிப்பு வேலைகள். செதுக்கிய மரக்கட்டையிலிருந்து காகிதத்தில் நிறம் இறங்கி முடிந்த பிறகுதான் படைப்பு பிறக்கிறது. அப்படிப் பிறந்த ஒவ்வொரு தாளும் அசலே. ஒரே நாளில் அச்சான இரண்டு தாள்கள்கூட உற்றுப் பார்த்தால் சற்று வேறுபடும். அதனால் உங்கள் படத்திடம் கேட்க வேண்டியது, அது எந்தக் கட்டையில், எந்தக் காகிதத்தில், யாருடைய மேற்பார்வையில் அச்சானது என்பதைத்தான்.

ஒரே கட்டைகளிலிருந்து காலையும் இரவும் எப்படி வரும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த வேலைமுறையில்தான் இருக்கிறது. ஜப்பானிய முறையில் அச்சுக்கட்டைக்குப் பெரும்பாலும் மலைச்செர்ரி மரத்தைப் பயன்படுத்துவார்கள். இழை நெருக்கமான, உறுதியான மரம் அது. மெல்லிய கோட்டையும் தாங்கும், நூற்றுக்கணக்கான முறை ஈரம் பட்டாலும் எளிதில் கோணாது. முதலில் கோடுகளுக்கு ஒரு தலைமைக் கட்டை செதுக்குவார்கள். அதிலிருந்து எடுத்த அச்சுகளை வைத்து, நிறம் விழ வேண்டிய ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனிக் கட்டை செதுக்குவார்கள். ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் ஓரத்திலும் காகிதத்தை அணைத்து வைக்கச் சிறு பள்ளங்கள் உண்டு. முப்பது முறை அச்சிட்டாலும் முப்பது முறையும் காகிதம் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் உட்காருவது அந்தப் பள்ளங்களால்தான்.

அச்சு இயந்திரம் எதுவும் கிடையாது. நிறப்பொடியை நீரில் கரைத்து, அரிசிப் பசை கொஞ்சம் சேர்த்து, குதிரை முடித் தூரிகையால் கட்டையின் மேல் பரப்புவார்கள். முசுக்கட்டை வகையைச் சேர்ந்த கோசோ என்ற செடியின் நாரில் செய்த காகிதம், வச்சிரப் பசையும் படிகாரமும் பூசப்பட்டு, அளவான ஈரத்தோடு காத்திருக்கும். அதைக் கட்டையின் மேல் கவிழ்த்து, மூங்கில் மடலால் பொதிந்த 'பாரன்' என்ற வட்டத் தட்டையால் முதுகுப்பக்கம் தேய்ப்பார்கள். நிறம் காகிதத்தின் மேலே படர்ந்து நிற்காமல் நாருக்குள் இறங்கும். இந்த ஈரம்தான் அச்சடிப்பவரின் பெரிய கவலை. ஈரம் குறைந்தால் காகிதம் சுருங்கி அடுத்த நிறம் தள்ளி விழும், கூடினால் நிறம் கசியும். ஒரு படத்துக்கான அத்தனை நிறங்களும் இறங்கி முடியும் வரை, நாள்கணக்கில் அந்த ஈரத்தை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது வானத்துக்கான கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மஞ்சளும் ஆரஞ்சும் பூசினால் விடியல், நீலத்தை அடர்த்தியாகப் பூசினால் இரவு. கட்டையின் ஒரு பகுதியை மட்டும் நீரால் நனைத்து, நிறம் தோய்ந்த தூரிகையை அதன் குறுக்கே இழுத்தால், ஒரு முனையில் அடர்ந்து மறுமுனையில் கரைந்து மறையும் நிறம் கிடைக்கும். இதை 'பொகாஷி' என்பார்கள். இது கட்டையில் செதுக்கப்படுவதல்ல, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகக் கையால் செய்வது. மூடுபனியில் தொலைவுப் படகுகள் கரைந்து நிற்பதற்கு இந்தக் கைதான் காரணம். இதோடு யோஷிதா இன்னொன்றையும் நிறையச் செய்தார். வெவ்வேறு சாம்பல் நிறங்களை அடித்தளமாக முதலில் இறக்கிவிட்டு, அவற்றின் மேல் வண்ணங்களை ஏற்றுவார். நிழலுக்கு ஆழம் வருவது அதனால்தான். ஒரு படத்துக்குச் சராசரியாக முப்பது முறை அவர் அச்சிடுவார் என்பார்கள். நிக்கோ நகர ஆலயத்தின் யோமெய் வாயிலைக் காட்டும் 1937-ஆம் ஆண்டுப் படத்துக்குத் தொண்ணூறு முறைக்கு மேல் நிறம் ஏற்றினார். முந்திய நூற்றாண்டுகளின் மரக்கட்டை அச்சு மரபான உகியோ-எ காலத்துப் படங்களுக்குப் பத்து, இருபது முறை போதுமானதாக இருந்தது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இந்த மனிதரின் பிடிவாதம் புரியும்.

பொழுதை மாற்றுவது, சேலைக் கடையில் ஒரே டிசைனை ஆறு நிறத்தில் அடுக்கி வைப்பது போன்ற வேலை அல்ல. காலைக்குத் தேவைப்பட்ட ஒரு கட்டையை மூடுபனியில் விட்டுவிட வேண்டியிருக்கும். இரவுக்கு வேண்டிய அடர்த்திக்காக அதே கட்டையைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டியிருக்கும். பாயின் நிறம் மாறினால் நீரில் விழும் அதன் பிம்பமும் அந்தப் பொழுதுக்கு ஏற்ப மாற வேண்டும். ஆறு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படகு நகர்ந்திருக்காது, ஆனால் காற்றின் ஈரம் மாறியிருக்கும். எனக்கு அவருடைய வேலைகளில் மிகப் பிடித்தது இந்த வரிசைதான். ஆறில் எனக்கு நெருக்கமானது, நீங்கள் வெளுத்துப்போனதோ என்று சந்தேகப்படும் அந்த மூடுபனிதான். நிறத்தைக் குறைத்துக்கொண்டே போய், படம் காணாமல் போவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துவதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

இவர் இப்படி ஒரு வேலைக்கு வந்து சேர்ந்த கதையும் உங்கள் கேள்விக்குத் தொடர்புடையதே. யோஷிதா 1876-ல் கியூஷு தீவின் குருமே நகரில் பிறந்தவர். மேற்கத்திய முறையில் எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும் பயின்றார். 1899-ல் நண்பர் ஒருவருடன் அமெரிக்காவுக்குப் போய், தன் நீர்வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்து விற்றார். மரக்கட்டை அச்சுக்கு அவர் வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. டோக்கியோவின் பதிப்பாளர் வாதனாபே ஷோசாபுரோ, உகியோ-எ மரபின் கைத்திறனைப் புதிய ஓவியர்களோடு சேர்த்து 'ஷின்-ஹங்கா' என்ற பெயரில் மீட்டெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹசுயி காவாசேயின் மழையும் பனியும் படர்ந்த நிலக்காட்சிகள் அதே பதிப்பகத்திலிருந்துதான் வந்தன. யோஷிதாவும் 1920-களின் தொடக்கத்தில் வாதனாபேவுக்குச் சில படங்கள் செய்தார். இந்தப் பாய்மரப் படகுக் கருவே அப்போதுதான், 1921-ல், பொழுது மாறும் படங்களாக முதலில் வந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று கான்தோ நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் டோக்கியோவை அழித்தபோது, வாதனாபேயின் கடையும் கட்டைகளும் எரிந்து சாம்பலாயின. ஆகவே 1926-ஆம் ஆண்டுப் படம் பழைய கட்டைகளின் மறுபதிப்பு அல்ல. புதிதாகச் செதுக்கிய, அளவில் பெரிய, வேறு வேலை. இணையத்தில் இரண்டையும் கலந்து போட்டுவிடுகிறார்கள், கவனமாக இருங்கள்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் மனைவி ஃபுஜியோவுடன் மீண்டும் அமெரிக்கா போனார். ஃபுஜியோவும் ஓவியர். தன்னுடைய வண்ண ஓவியங்களைவிட அச்சுகளுக்கு அங்கே வரவேற்பு இருப்பதை யோஷிதா பார்த்தார். திரும்பி வந்து 1925-ல் சொந்தக் கூடம் தொடங்கினார். செதுக்குபவர்களையும் அச்சடிப்பவர்களையும் தானே அமர்த்திக்கொண்டார். பழைய ஏற்பாட்டில் பதிப்பாளர்தான் முதலாளி. ஓவியர் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், எந்த நிறம் எவ்வளவு என்பதில் பதிப்பாளரின் சொல்லே கடைசி. யோஷிதா அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். செதுக்கவும் அச்சிடவும் கற்றுக்கொண்டார், சில கட்டைகளைத் தன் கையாலேயே செதுக்கினார். தொழிலாளியைவிட ஓவியருக்கு அந்தத் தொழில் அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1925-ஆம் ஆண்டுப் படங்களிலேயே மட்டர்ஹார்ன் மலையையும் எகிப்தின் ஸ்பிங்க்ஸையும் பகலாகவும் இரவாகவும் செய்து பார்த்துவிட்டார். அடுத்த ஆண்டு படகுகளுக்கு ஆறு பொழுதுகள். பிறகு 1930-31-ல் மூத்த மகன் தோஷியோடு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பயணம் செய்து 32 படங்கள் செய்தார். தாஜ்மகாலையும் பகல், காலைப் பனி, இரவு என்று வெவ்வேறு வெளிச்சத்தில் அச்சிட்டார். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: அந்த வரிசையில் மதுரைப் பெரிய கோயிலும் இருக்கிறது. தேடிப் பாருங்கள், இருட்டையும் தூண்களையும் ஒரு ஜப்பானியர் எப்படிப் பார்த்தார் என்பது தெரியும்.

பிரெஞ்சு ஓவியர் மோனே ஒரே தேவாலய முகப்பைப் பல பொழுதுகளில் தீட்டியதைப் பார்த்துத்தான் யோஷிதா இதைச் செய்தார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். இதை நான் உறுதியானவற்றின் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அவர் ஐரோப்பா சுற்றியவர், அங்கத்திய ஓவியத்தை நன்கு அறிந்தவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரே கட்டையை நிறம் மாற்றி அச்சிடுவது ஜப்பானில் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்த விஷயம். 1858-ல் இறந்த உகியோ-எ ஓவியர் ஹிரோஷிகேயின் படங்களில், முதல் பதிப்பில் இருக்கும் வானமும் பிந்திய பதிப்பில் இருக்கும் வானமும் ஒன்றாக இருக்காது. வேறுபாடு என்னவென்றால், அங்கே அந்த மாற்றங்கள் பெரும்பாலும் பதிப்பாளரின் அவசரத்தாலும் சிக்கனத்தாலும் வந்தவை. யோஷிதா அதை ஓவியரின் கருவியாக மாற்றினார். மோனேயிடமிருந்து ஒரு பொறி வந்திருக்கலாம், ஆனால் விறகு உள்ளூரிலேயே இருந்தது என்பது என் கருத்து.

இனி உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு வருவோம். மூடுபனியா, வெளுத்துப்போனதா? இதைக் கண்டுபிடிக்க மிக நேரான வழி ஓரத்தைப் படிப்பது. யோஷிதாவின் படங்களில் பொதுவாக இடப்பக்க வெள்ளை ஓரத்தில் வரிசையின் பெயர், படத்தின் பெயர், ஆண்டு ஆகியவை ஜப்பானிய எழுத்தில் அச்சாகியிருக்கும். இந்த வரிசையில் படப் பெயரோடு பொழுதின் பெயரும் வரும். சட்டம் போட்டவர் அந்த ஓரத்தை மவுண்ட் அட்டைக்குள் மறைத்திருப்பார், பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அட்டையை எடுத்துவிட்டு அந்த எழுத்துகளைப் படம்பிடித்து, ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். காலை, மாலை, இரவு ஆகியவற்றின் எழுத்துகள் ஓரளவு எளியவை. மூடுபனியின் எழுத்து கோடுகள் நெருங்கி அடர்ந்தது, அதன் மேற்பகுதியில் மழையைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். எழுத்தில் 'காலை' என்றிருந்து படம் சாம்பலாக இருந்தால், அப்போது கவலைப்படலாம்.

ஓரம் வெட்டப்பட்டிருந்தால் வேறு சாட்சிகளைத் தேட வேண்டும். தாளைத் திருப்பிப் பாருங்கள். நீர்வண்ணம் நாருக்குள் இறங்கியிருப்பதால் பின்புறத்திலும் படம் மங்கலாகத் தெரியும். வெளிச்சம் முன்பக்கத்தைத்தான் தின்னும். ஆகவே பின்புறத்தில் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ தெளிவாக இருந்து முன்புறத்தில் அது இல்லையென்றால், நிறம் வெளுத்திருக்கிறது என்று முடிவுக்கு வரலாம். அதேபோல மவுண்ட் அட்டை மூடியிருந்த விளிம்பில் படத்தின் ஒரு சிறு கீற்றாவது மறைந்திருந்தால், அந்தக் கீற்றின் நிறத்தையும் திறந்திருந்த பகுதியின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் நிம்மதி. பலர் செய்யும் ஒரு சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்: "கருப்புக் கோடுகள் நன்றாகத்தானே இருக்கின்றன, அப்படியானால் எதுவும் வெளுக்கவில்லை" என்பார்கள். ஜப்பானியக் கருப்பு மை புகைக்கரியால் ஆனது, வெயிலில் அது மாறாது. சுற்றியுள்ள எல்லா நிறமும் போன பிறகும் அது அப்படியே நிற்கும். திரையில் பார்க்கும் படங்களோடு ஒப்பிடுவதும் உதவாது. ஒவ்வொரு காமிராவும் சாம்பலை ஒவ்வொரு மாதிரி காட்டும்.

அடுத்தது, கட்டை அச்சா, இயந்திர அச்சா என்பது. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போதும். வானம் போன்ற மென்மையான பரப்பைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு. தெளித்தது போலச் சிதறிய நுண்புள்ளிகள் தெரிந்தால் இங்க்ஜெட். கையால் அச்சிட்டதில் புள்ளியே இருக்காது. நிறம் நார்களைச் சுற்றி ஊறியிருக்கும், சில இடங்களில் மரத்தின் இழையோட்டம் லேசாகப் பதிந்திருக்கும். காகிதத்தைச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து விளக்கடித்தால், பாரன் அழுத்தியதால் நிறப்பரப்புகளின் விளிம்பில் சிறு மேடுபள்ளம் தெரியும். பின்புறத்தில் பாரன் சுழன்ற வட்டத் தடங்களும் தெரியலாம். இந்தச் சோதனையில் கிடைக்கும் விடையை நான் பெரும்பாலும் முழுதாக நம்புவேன். இயந்திரம் இன்னும் இதை ஏமாற்றக் கற்றுக்கொள்ளவில்லை.

கையால் அச்சிட்டதுதான் என்று தெரிந்துவிட்டால், யோஷிதா உயிரோடு இருந்தபோது அச்சானதா என்ற கேள்வி மிஞ்சும். அவர் 1950-ல் இறந்தார். கட்டைகள் குடும்பத்திடம் இருந்தன. பிற்காலத்தில் குடும்பக் கூடம் அவற்றிலிருந்து புதிய பதிப்புகளை அச்சிட்டது. இவை போலிகள் அல்ல. அதே கட்டை, தேர்ந்த கை. ஆனால் ஓவியரின் கண் அந்தத் தாள்மேல் விழுந்ததில்லை. இரண்டையும் பிரிக்கும் முதன்மையான அடையாளம் 'ஜிசூரி' முத்திரை. இரண்டு ஜப்பானிய எழுத்துகள் கொண்ட சிறிய முத்திரை, பெரும்பாலும் இடப்பக்க ஓரத்தின் மேற்பகுதியில் இருக்கும். தானே அச்சிட்டது என்று அது அறிவிக்கிறது. ஒவ்வொரு முறையும் பாரனை அவரே தேய்த்தார் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்த அச்சடிப்பவர்கள் இருந்தார்கள். பக்கத்தில் நின்று நிறத்தைச் சொல்லி, தேறிய தாளை ஏற்று, தேறாததைத் தள்ளியவர் அவர். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதன் அடையாளமே முத்திரை. இறந்த பிறகு வந்த பதிப்புகளில் பொதுவாக அது இருக்காது.

படத்துக்குள்ளேயே தூரிகையால் எழுதியது போல ஒரு ஜப்பானியக் கையொப்பமும் அதனடியில் சிவப்பு முத்திரையும் இருக்கும். பலர் அதைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். அது படத்தோடு சேர்ந்தே அச்சாவது, எந்தக் காலத்துத் தாளிலும் இருக்கும், ஆகவே அது எதையும் நிரூபிக்காது. கீழ் ஓரத்துப் பென்சில் கையெழுத்துக்கு அதைவிட மதிப்பு அதிகம், ஆனால் அதையும் சோதிக்க வேண்டும். பிற்காலப் பதிப்புகளில் அவருடைய ஆங்கிலக் கையெழுத்தை முத்திரையாகச் செய்து பதித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது பென்சில் போலவே இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். உண்மையான பென்சிலில் அழுத்தம் கூடிக் குறையும், சாய்த்துப் பார்த்தால் கரிக்கோல் மினுக்கும், காகிதத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். முத்திரையில் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கும். மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: பென்சில் கையெழுத்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஏற்பட்ட வழக்கம். ஜப்பானுக்குள் விற்ற தாள்களில் அது இல்லாமலும் இருக்கும். அதனால் ஜிசூரி முத்திரை இருந்து பென்சில் இல்லையென்றால் பதற வேண்டாம். இரண்டும் இருந்தால் நல்லது. பென்சில் மட்டும் இருந்து முத்திரை இல்லையென்றால் கூர்ந்து பார்க்க வேண்டும். முத்திரையைப் போலியாக இடுவது கடினமான காரியமும் அல்ல. காகிதம், நிறம், முத்திரை, கையெழுத்து நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதே என் வழக்கம். ஒன்று மட்டும் தனியே பேசினால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் கைப்பேசிப் படத்தை வைத்து என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் இணைத்திருந்த படத்தில் கண்ணாடியின் பிரதிபலிப்புதான் பாதி. அதில் தெரியும் அளவுக்குச் சொல்வதென்றால், தொலைவுப் படகுகள் கரைந்திருக்க, முன்படகின் அடிப்பகுதி நன்றாக இருண்டிருக்கிறது. இது திட்டமிட்ட மூடுபனியின் பக்கமே சாய்கிறது. ஆனால் இதை ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை வெளியே எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கடலோர ஊரில் பல ஆண்டுகள் மாட்டியிருந்த படம் என்றால், ஈரத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கலாம். பின்பக்க ஆணிகளைக் கழற்றியதும் கண்ணாடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். எங்காவது பிடித்துக்கொண்டு வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். இழுத்தால் நிறம் கண்ணாடியோடு போய்விடும், பிறகு யாராலும் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த நிலையில் காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் கண்ணாடியோடு சேர்த்தே கொண்டுபோவதுதான் வழி. ஈரத்துணியால் துடைப்பது வேண்டவே வேண்டாம். நீரில் கரைத்த நிறங்கள் இவை, நீர் பட்டால் அசையும். பழுப்புப் புள்ளிகளைப் போக்க ப்ளீச் போடச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். லேமினேஷன் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது திரும்பி வர முடியாத வேலை, படம் பிளாஸ்டிக்கோடு ஒன்றாகிவிடும்.

திரும்பச் சட்டம் போடும்போது பிரேம் கடைக்காரரிடம் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டு காகிதத்தைத் தொடக் கூடாது. அதிலுள்ள அமிலம்தான் பழைய படங்களைப் பழுப்பாக்குகிறது. படத்துக்கு முன்னும் பின்னும் அமிலமற்ற அட்டை வேண்டும். மவுண்டுக்கு ஆழம் இருக்க வேண்டும், கண்ணாடி படத்தின் மேல் படக் கூடாது. செலோடேப், ஃபெவிகால் இரண்டும் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டைக் கோதுமைப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும், வேண்டும்போது சேதமில்லாமல் எடுத்துவிடலாம். ஓரத்தை வெட்டிச் சட்டத்துக்குப் பொருத்த அவர் முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். நாம் இவ்வளவு நேரம் பேசிய அத்தனை சாட்சியமும் அந்த வெள்ளை ஓரத்தில்தான் இருக்கிறது.

மாட்டும் இடம் வெயில் விழாத உள்சுவராக இருக்கட்டும். மழைக்காலத்தில் ஓதமேறும் வெளிச்சுவர் பூஞ்சைக்கு அழைப்பு விடுக்கும், காகிதத்தில் இருக்கும் வச்சிரப் பசையும் அரிசிப் பசையும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. அருங்காட்சியகங்களில் இத்தகைய படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் தருவதில்லை, அதுவும் சில மாதங்களுக்குத்தான். வீட்டில் அந்த அளவைக் கடைப்பிடிக்க முடியாது. ஆனால் ஆண்டில் பாதி நாள் மாட்டிவிட்டு, மீதி நாள் அமிலமற்ற உறையில் அலமாரியில் படுக்கவைப்பது நடக்கக்கூடியதே. ஜப்பானிய வீடுகளிலும் பருவத்துக்குப் பருவம் படத்தை மாற்றி மாட்டுவார்கள்.

கண்ணாடி ஒட்டாமல் வந்துவிட்டால், நான்கு படங்கள் எடுத்து இங்கே போடுங்கள்: இடப்பக்க ஓரம் முழுவதும், பென்சில் கையெழுத்து நெருக்கத்தில், தாளின் பின்புறம், பக்கவாட்டு வெளிச்சத்தில் வானப் பகுதி. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். ஓரத்தில் மூடுபனி என்று எழுதியிருந்து ஜிசூரி முத்திரையும் இருந்தால், விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன் நேரில் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை பிரேம் கடைக்குக் கொடுக்க வேண்டாம்.